நீச்சல் குளத்துத் தளத்தில் கம்பி எதற்கு?

கடல் பக்கம் வீட்டுத் தரையில் கான்கிரீட் போடப் போகிறவர்கள் ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இந்தத் தளத்துக்குள் கம்பி எதற்கு? எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த தளம் உடைந்த காரணமும், அதைச் சரிசெய்த வழியும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றன.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், ராஜாக்கமங்கலம் பக்கம். மொட்டை மாடியில் ஏறினால் தென்னந்தலைகளுக்கு மேலே கடல் தெரியும். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். லீவுக்கு வருகிற பிள்ளைகளுக்காக வீட்டின் மேற்குப் பக்கத்தில் 24 அடிக்கு 12 அடி அளவில் ஒரு குளம் கட்டினான். அதைச் சுற்றி 4 அடி அகலத்துக்குக் கான்கிரீட் தளம். குளத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. போனது தளம்தான்.

அது போன விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் விடை அதற்குள்ளேயே இருந்தது. கான்கிரீட்டில் கீறல் விழுவது புதிதல்ல. பொதுவாக அது மூலையிலிருந்து சாய்வாக ஓடும், இல்லையென்றால் மேலோட்டமாகப் பின்னிப் பரவும். எங்கள் தளத்தில் விழுந்தவை நேர்கோடுகள். ஏறக்குறைய ஒரே இடைவெளியில், குளத்தின் நீளவாக்கில், நூல் பிடித்தாற்போல ஓடின. அடுத்த மழைக்காலத்தில் கோடுகளின் ஓரம் காவி நிறமானது. அதற்கும் பிறகு மேல்தோல் சில்லு சில்லாகக் கிளம்பியது. ஒரு சில்லை எடுத்துத் திருப்பினால் அடியில் கம்பி கிடந்த தடம் அரைவட்டப் பள்ளமாக, செங்காவி ஒட்டிக்கொண்டு இருக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். ஒருத்தி பாதத்தைக் கிழித்துக்கொண்டபோது குளத்துக்குப் போகும் வழியைக் கயிறு கட்டி அடைத்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மேலே எதைப் போடலாம் என்பதையே பேசினார்கள். டைல்ஸ் என்றார் ஒருவர். எபாக்சி என்றார் இன்னொருவர். கல் பாவினது போல அச்சு வைத்த பூச்சு, சூடு ஏறாத பெயின்ட் என்று வண்ணப் படங்களை விரித்தார்கள். சுத்தியல் கொண்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். புதுப் பூச்சு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அடியில் இருக்கும் கான்கிரீட் கிளம்பும்போது அதனோடு சேர்ந்துதான் கிளம்பும். ஒரு வருஷம் பளபளவென்று இருந்துவிட்டு, கட்டின பணத்தோடு பெயர்ந்து வரும்.

தட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. அரைக் கிலோ சுத்தியல் ஒன்றும் சாக்குக்கட்டி ஒன்றும் போதும். ஒரு மூலையில் ஆரம்பித்து அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல கான்கிரீட் 'டிங்' என்று கெட்டியாகக் குரல் கொடுக்கும், சுத்தியல் கையில் துள்ளும். உள்ளே பிளந்து தகடாக நிற்கும் இடத்தில் 'டொப்' என்று அமுங்கின சத்தம் வரும், சுத்தியல் துள்ளாது. அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். அக்கம்பக்கம் அடங்கியிருக்கும் காலை நேரம் இதற்கு நல்லது. முழுவதும் தட்டி முடித்துவிட்டு மாடியிலிருந்து பார்த்தபோது விஷயம் தெளிவாகியது. மேற்கும் தெற்கும் கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளைக் கோடு. வீட்டை ஒட்டின கிழக்கில் ஓரிரண்டு இடம். வடக்கில் படிக்கட்டுப் பக்கம் மட்டும். கடலிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நேராக வந்து மோதுகிற இரண்டு பக்கங்கள்தான் போயிருந்தன.

மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டை உளி வைத்துத் திறந்தோம். மேலிருந்து முக்கால் அங்குலம்கூட இல்லை, கம்பி வந்துவிட்டது. 8 மில்லி கம்பியாகப் போட்டது. சில இடங்களில் அது பென்சில் முனை அளவுக்கு மெலிந்திருந்தது, சில இடங்களில் துரு அடுக்கடுக்காக ஏறி விரல் கனத்துக்கு வீங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தகடு தகடாக உதிர்ந்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், பிஹெச் 12-க்கு மேலே இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் படிந்து துரு ஏறாமல் காக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே இறங்கிவிட்டால் அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்புறம் ஈரமும் காற்றும் இருந்தால் போதும். துரு, தான் தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். ஊறின மொச்சை தோலைப் பிளப்பது போல அது மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கீறல் கம்பி போன வழியிலேயே நேராக ஓடியதன் காரணம் இதுதான்.

உப்பு எங்கிருந்து வந்தது? மூன்று வழி. கடல் காற்று ஒன்று. குளத்துத் தண்ணீர் இரண்டு: நாம் போடுகிற குளோரின் வேலை முடிந்தபின் குளோரைடாகத் தண்ணீரிலேயே தங்கும், பிள்ளைகள் தெறிக்கவிடும் தண்ணீர் தளத்தில் காய்ந்துபோனாலும் உப்பு காயாது, அங்கேயே நிற்கும். மூன்றாவது, யாரும் கவனிக்காதது, சாந்து குழைத்த தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும். துணி துவைக்கவும் தென்னைக்கு விடவும் அதைத்தான் எடுக்கிறோம், வீடு கட்டியபோதும் அதிலேயே குழைத்தார்கள்.

அந்தத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கான்கிரீட் குழைக்கும் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கலாம் என்று இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 500 மட்டும். எங்கள் கிணறு 500-ஐத் தாண்டியிருந்தது, 2000-க்கு நன்றாகவே கீழே நின்றது. அதாவது அதே கிணறு, அதே தண்ணீர், கம்பியில்லாத் தளத்துக்குத் தாராளமாக ஆகும். கம்பி போட்டால் ஆகாது.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் முழுத் திட்டமும் திரும்பியது. அதே தரநிலை கடற்கரைச் சூழலைக் 'கடுமையானது' என்ற வகையில் வைக்கிறது. அந்த வகையில் கம்பி போட்டால் எம்30 தரக் கான்கிரீட் (எம்-க்குப் பின்னால் வரும் எண் வலிமையைக் குறிக்கும்) வேண்டும், கம்பிக்கு மேலே குறைந்தது 45 மில்லிமீட்டர் மூடாக்கு வேண்டும். நம் வீட்டுத் தளத்தின் மொத்தக் கனமே 4 அங்குலம், 100 மில்லிமீட்டர். மேலே 45, கீழே 45 விட்டால் கம்பி வைக்க மிச்சம் எங்கே இருக்கிறது? கம்பி இல்லையென்றால் எம்20 போதும்.

மேஸ்திரி இந்த ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், கைவேலை சுத்தமானவர். கம்பி வேண்டாம் என்றதும் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“கம்பி இல்லாமயா? மக்களே, நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா ஊரு என்னையல்லா சொல்லும்? மேஸ்திரி கம்பியத் தின்னுட்டான்னு சொல்லுவாவ.”

“அண்ணாச்சி, பழைய தளத்துல கம்பி இருந்துதே. கீறல் விழாமயா இருந்துது?”

அவர் உடைத்துப் போட்ட துண்டுகளில் ஒன்றைத் தூக்கி, உட்கார்ந்து, தடத்தில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். “கம்பி கெடந்த எடத்துலதான் பொளந்திருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா மண்ணு எறங்கிச்சின்னா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. தரையில் படுத்திருக்கும் தளத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண். மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தாங்கினால் தளத்துக்குக் கம்பியால் ஆக வேண்டிய வேலை அதிகம் இல்லை. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், அப்போது எங்காவது பிரியும். கம்பி அந்தப் பிரிவைத் தடுப்பதில்லை, விரியாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எங்கே பிரிய வேண்டும் என்று நாமே கோடு வெட்டிக் கொடுத்துவிட்டால் பிடித்து வைக்க வேண்டிய தேவையும் குறைகிறது. ஆனால் மண் இறங்கினால் கம்பியில்லாத் தளம் உடையும். அதனால் கம்பிக்குச் செலவு செய்வதாக இருந்ததை மண்ணில் போட்டோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான் சொல்வது தரையில் படுத்திருக்கும் தளத்துக்கு மட்டும். கூரை, சன்ஷேடு, படிக்கட்டு, செப்டிக் டேங்க் மூடி, மோட்டார் அறைக் குழிக்கு மேலே போகிற தளம் இவற்றில் கம்பிதான் சுமக்கிறது. அங்கே கம்பியில் கை வைக்கக்கூடாது. இன்னொன்று, குளத்துக்குள் விளக்கு இருந்தால் எர்த் வயரைத் தளத்துக் கம்பியோடு கட்டியிருக்கக்கூடும். எலக்ட்ரீசியனை வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் அறுக்க வேண்டாம். குளத்து லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்தச் சாக்கிலேயே போட்டுவிடுங்கள்.

வேலைக்குக் குளத்தைக் காலி செய்யலாமா என்று கையாள் பையன் கேட்டான். செய்யக்கூடாது. கடல் பக்கம் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கும். குளத்துக்குள் இருக்கும் தண்ணீரின் எடைதான் குளத்தொட்டியைக் கீழே அழுத்தி வைக்கிறது. அதை இறைத்துவிட்டால் வெளியே இருக்கும் தண்ணீர் தொட்டியை மேலே தூக்கிப் பிளந்துவிட வாய்ப்பு உண்டு, மழை பெய்த மண்ணில் இன்னும் மோசம். தண்ணீர் நிறைந்திருக்க, மேலே தார்ப்பாய் விரித்து மணல் மூட்டை வைத்துக் கட்டிவிட்டுத்தான் உடைத்தோம்.

எல்லாவற்றையும் உடைக்கவில்லை. மேற்கும் தெற்கும் முழுவதும் உடைத்து எடுத்தோம். கிழக்கும் வடக்கும் நன்றாகக் குரல் கொடுத்த கான்கிரீட், அதை அப்படியே விட்டு ஒட்டுவேலை மட்டும். இதில் மட்டும் எனக்கு முழு நிம்மதி இல்லை. உப்பேறின பழைய கான்கிரீட்டுக்கு நடுவே நல்ல சாந்தை வைத்து ஒட்டினால், ஒட்டின இடம் நன்றாக இருக்கும், அதன் விளிம்பை ஒட்டியிருக்கும் பழைய பகுதியில் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஒரே கம்பியின் ஒரு பாதி நல்ல காரத்திலும் மறு பாதி உப்பிலும் கிடக்கும்போது உப்பிலிருக்கும் பாதி பலியாகும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஒட்டு என்று பல வீடுகளில் தொடர்வது இதனால்தான். வடக்கில் படிக்கட்டுப் பக்கம் கம்பி குளத்துச் சுவரோடு பிணைந்திருந்ததால் எடுக்க வழியில்லை. ஒட்டினோம்.

ஒட்டுவதிலும் முறை உண்டு. 'டொப்' சத்தம் வந்த இடத்தைவிடக் கொஞ்சம் அகலமாகக் கிரைண்டரால் சதுரமாக, அரை அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்ட வேண்டும். ஓரம் செங்குத்தாக நின்றால்தான் சாந்துக்குக் கனம் கிடைக்கும், பூப்போல மெலிந்து முடிகிற ஓரம் முதல் வெயிலிலேயே கிளம்பும். அப்புறம் உளியால் உள்ளே போக வேண்டும், கம்பிக்கு அடியிலும் விரல் நுழைகிற அளவு, 20 முதல் 25 மில்லிமீட்டர். மேல் பாதியை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மூடினால் அடிப் பாதி வேலையைத் தொடரும். கம்பி பிரஷ் வைத்துக் கம்பி வெளுப்பாக மின்னும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, எஸ்.பி.ஆர். லேடக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) கலந்த சிமெண்ட் பாலைப் பூசி, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே ரிப்பேர் சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். பால் காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரிப்பதற்கு உதவும். காய்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி.

சுத்தம் செய்ய ஆசிட் ஊற்றுவது இங்கே எல்லோருக்கும் கைவந்த பழக்கம். கம்பி இருக்கும் கான்கிரீட்டில் ஆசிட் வேண்டாம் என்பேன். கடையில் கிடைப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உப்பை வெளியேற்றப் பாடுபடும் இடத்தில் நம் கையாலேயே குளோரைடை ஊற்றுவதாகும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, பிரஷர் வாஷரால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும்.

சரி, மண்ணுக்கு வருவோம். மேற்குப் பக்கத் தளத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் பல இடங்களில் கை நுழைகிற வெற்றிடம். குளம் கட்டத் தோண்டியபோது அள்ளின மணலையே திருப்பித் தள்ளி, மேலே ஒரு தடவை மிதித்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மணலைப் பாதி ஆழத்துக்கு அள்ளிவிட்டு, அரை அடி அரை அடியாகத் திருப்பிக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடிகட்டையால் இடித்தோம். கடைசி 4 அங்குலம் பாறைப்பொடி, அதையும் நனைத்து இடித்தோம். குதிகாலை ஊன்றித் திருப்பினால் தடம் விழக்கூடாது, அதுதான் மேஸ்திரியின் அளவுகோல். அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட். அடியில் இருக்கும் உப்பீரம் மேலே ஏறாது, கான்கிரீட் சுருங்கும்போது தரையைப் பிடித்து இழுக்காமல் வழுக்கிக்கொண்டு நகரும்.

குளத்துச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும். பழைய தளத்தில் அதை விடவில்லை, சுவரோடு சேர்த்துச் சாந்து அடைத்திருந்தார்கள். வெயிலில் விரிகிற தளம் குளத்தின் ஓரக் கல்லைத் தள்ளும், கல் டைல்ஸைத் தள்ளும். இப்போது சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மாகோல் பட்டையை நிறுத்திவிட்டு அதுவரை கான்கிரீட் போட்டோம். பிறகு மேல் பாகத் தெர்மாகோலைச் சுரண்டி எடுத்து, நுரைக் கயிறு ஒன்றை உள்ளே அழுத்தி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பினோம். அந்தக் கயிறு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக்கூடாது. மூன்று பக்கமும் ஒட்டினால் இழுபடும்போது நடுவில் கிழியும்.

கோடு வெட்டுவதற்குக் கணக்கு எளிது. 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு போதும் என்பார்கள், ஆனால் கட்டத்தின் நீளம் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. அகலம் 4 அடி என்பதால் 6 அடிக்கு ஒரு கோடு. குளத்தின் மூலைகள்தான் ஆபத்தான இடம், அங்கிருந்து சாய்வாகக் கீறல் கிளம்பும். அதனால் மூலைகளில் 4 அடிச் சதுரத்தைத் தனிக் கட்டமாகவே பிரித்துவிட்டோம். கோட்டின் ஆழம் கனத்தில் கால் பங்கு, இங்கே ஓர் அங்குலம். வாட்டம் 50-க்கு 1, குளத்திலிருந்து வெளிப்பக்கமாக. 4 அடிக்குக் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இறங்கும். டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து நூல் கட்டினார் மேஸ்திரி.

இந்த மாவட்டத்தில் கான்கிரீட் போட நாள் பார்ப்பது முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குப் பெய்யும். ஜூனில் ஆரம்பித்தால் டிசம்பர் வரை நம்பி ஒன்றும் போட முடியாது. கும்பப்பூ நெல் அறுவடை நடக்கிற மாசி மாதம்தான் கான்கிரீட்டுக்கும் நல்ல மாதம். வானம் தெளிந்திருக்கும், பங்குனி வெயிலின் கொடுமை இன்னும் வந்திருக்காது.

கலவை 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி). எம்-சாண்ட், 20 மில்லி ஜல்லி. கடற்கரை மணல் வாசலில் குவிந்து கிடந்தாலும் தொடக்கூடாது. ஒரு மூட்டைச் சிமெண்டுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ள, நான் வாளியோடு மிக்ஸர் பக்கத்திலேயே நின்றேன். கையாட்கள் ஹோஸ் பிடித்து இளக்கத்தான் பார்ப்பார்கள், தள்ளுவதற்கு லேசாக இருக்கும். கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும் இடமெல்லாம் நுண்துளை. உப்பு அதன் வழியே இறங்கும்.

மேற்பரப்பு முடிப்பதில்தான் மேஸ்திரிக்கும் எனக்கும் இரண்டாவது வாக்குவாதம். மேலே காய்ந்த சிமெண்டைத் தூவி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவது அவர் தலைமுறையின் பெருமை. அந்தப் பெருமைக்கு இங்கே நியாயமும் உண்டு, பத்மநாபபுரம் அரண்மனையின் கறுத்த தரை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்தது என்று சொல்வார்கள். முகம் பார்க்கலாம் அதில். ஆனால் அது கூரைக்கு அடியில் இருக்கும் தரை. குளத்தங்கரையில் மினுக்கம் என்றால் வழுக்கல். தூவின சிமெண்டோ தனித் தோலாக நின்று பின்னால் பொரியும்.

ஈர்க்கு வாரியலால், அதாவது துடைப்பத்தால், மேற்பரப்பில் கோடு இழுத்தோம். மேலே நின்ற தண்ணீர் வற்றி, பளபளப்பு மங்கினதும் இழுக்க வேண்டும். முன்னாலேயே இழுத்தால் சாந்து சுருண்டு வரும், தாமதித்தால் கோடே விழாது. கடல் காற்று அடிக்கிற இடத்தில் இந்த இடைவெளி மிகக் குறுகியது, காற்றுப் பக்கம் ஓலைத் தட்டி வைத்து மறைத்துக்கொண்டுதான் சமாளித்தோம். இழுத்தது குளத்திலிருந்து வெளிப்பக்கமாக. நடப்பவர்கள் நீளவாக்கில் நடப்பதால் கோடு காலுக்குக் குறுக்கே நின்று பிடிப்புக் கொடுக்கும். தண்ணீரோ வாட்டத்தோடு அந்தக் கோடுகளிலேயே வழிந்து போய்விடும். இரண்டு வேலையும் ஒரே இழுப்பில். அந்த மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது அந்த நுண்கோடுகள் அத்தனை ஒழுங்காகத் தெரிந்தன. மேஸ்திரி தானே போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாளாவது ஈரம் காக்க வேண்டும். நனைத்த சாக்கை விரித்து, காயாமல் பார்த்துக்கொண்டது மயினி (அண்ணி). அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்துகூட ஒரு வாளி தெளித்துவிட்டுப் போவாள். கிணற்றுத் தண்ணீரையே தெளித்தோம். கம்பியில்லாத தளம் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஒட்டுப் போட்ட இடங்களுக்கு மட்டும் குடிநீர்.

ஒரு மாதம் ஆறவிட்டு, பழைய பக்கமும் புதுப் பக்கமும் ஒரே நிறமாக வர மேல்பூச்சு போட்டோம். முதலில் சந்தனப் பொட்டு அளவு தண்ணீரை அங்கங்கே விட்டுப் பார்க்க வேண்டும். உறிஞ்சினால் பூச்சு பிடிக்கும். உருண்டு நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இருக்கிறது, இன்னும் தேய்க்க வேண்டும். கான்கிரீட்டை முந்தின நாளே நனைத்து, பூசும்போது உள்ளே ஈரமும் மேலே தண்ணீர் நிற்காமலும் இருக்கும் பதத்தில் வேலையைத் தொடங்கினோம்.

இந்த லேடக்ஸ் விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு யோசனை வந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர், “பால் நம்ம தோட்டத்துலயே கெடக்கே, டின்ன எதுக்கு வாங்குக?” என்று கேட்டார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, இரண்டும் ரப்பர் பால்தான். ஆனால் மரத்துப் பாலைச் சிமெண்டில் ஊற்றினால் சிமெண்டின் சுண்ணாம்புச் சத்து அதைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். எஸ்.பி.ஆர். செயற்கை ரப்பர், சிமெண்டின் காரத்தில் திரியாதபடி பக்குவப்படுத்தியது. டின் வாங்கினோம். எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது டின்னுக்கு டின் மாறும், அதில் எழுதியிருப்பதைப் பார்த்தே கலக்க வேண்டும்.

பூச்சின் கனம் கால் அங்குலம். விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் அன்றைய பங்கை முடித்தோம், சின்னச் சின்னக் கட்டமாக. அடியில் வெட்டின கோடுகளைப் பூச்சிலும் அதே இடத்தில் வெட்ட வேண்டும். மூடிவிட்டால் அடிக்கோடு மேலே கோணல்மாணலாகக் கிழித்துக்கொண்டு வரும். நிறம் மணல் நிறம். கறுப்பும் செங்கல் சிவப்பும் படத்தில் அழகு, பங்குனி மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாது.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். லேடக்ஸ் கலந்த பூச்சுக்கு ஒரு நாள் ஈரம் போதும். அதன்பின் காய விட வேண்டும், காய்ந்தால்தான் உள்ளே ரப்பர் படலம் சேரும். மயினி பழக்கத்தில் இரண்டாம் நாளும் வாளியோடு வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், “முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா” என்று அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள்.

தென்னை வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தளத்துக்கு நேர்மேலே குலை இருந்தால் வேலைக்கு முன்பே ஆள் ஏற்றி வெட்டிவிடுங்கள். இறுகாத பூச்சில் விழுகிற ஒரு நெற்று எல்லாவற்றையும் கெடுக்கும். இறுகினபின் விழுந்தாலும் சில்லு தெறிக்கும்.

இன்னும் மிச்சமிருப்பது வடிகால். வெளி ஓரத்தில் வழிகிற தண்ணீர் இப்போதைக்கு மண்ணிலேயே இறங்குகிறது. அது இடித்து வைத்த மணலை அரித்துவிடும் முன்னால், மதிலை ஒட்டி 4 அங்குலக் குழாயில் துளை போட்டு, ஜல்லி சூழப் பதித்து, தெற்கே தோப்புப் பக்கம் விட வேண்டும். குழாய் வாங்கி வைத்தாகிவிட்டது. ஜூன் மழைக்கு முன்னால் மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் உள்ளே இறங்காமல் காக்கும் சிலேன் சீலரையும் அப்போதே அடித்துவிடுவதாக இருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு முறை, மாசியில், படிக்கட்டுப் பக்கத்து ஒட்டுகளின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பி மிச்சமிருப்பது அங்கே மட்டுமல்ல, கிழக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அங்கே சத்தம் மாறினால் அந்தக் கட்டத்தையும் எடுத்துவிட்டுக் கம்பியில்லாமல் போட்டுவிடலாம் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார்.